மேடையிலிருந்து மைக்குக்கு, மைக்கிலிருந்து கேமராவுக்கு: நகைச்சுவை நடிகருக்கான முழு வழிகாட்டி

சபா மேடையில் கைதட்டல் வாங்கிப் பழகிய ஒருவர் முதன்முறையாக வானொலி ஒலிப்பதிவுக்கு வந்தால் பார்க்கப் பாவமாக இருக்கும். ஜோக்கைச் சொல்லிவிட்டு நிற்பார். சிரிப்பு வராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நன்றாக இல்லையோ என்ற பயத்தில் இவர் அடுத்த வசனத்தில் குரலை ஏற்றுவார். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கெடும். டிவி செட்டிலும் இதே கதைதான். அங்கே சுற்றிலும் இருபது பேர் நிற்பார்கள், ஆனால் டேக் ஓடும்போது யாரும் சிரிக்கக் கூடாது.

மூன்று இடத்திலும் வேலை செய்து, மூன்று இடத்திலும் சொதப்பி, பிறகு புதிதாக வருகிறவர்கள் அதே பள்ளத்தில் விழுவதைப் பல வருடம் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். வானொலியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முகம், கை, ஒப்பனை எதுவும் இல்லாமல் ஒரு வசனத்தைச் சிரிக்கவைக்கத் தெரிந்துவிட்டால், கேமரா முன்னால் எதைக் குறைக்க வேண்டும் என்பது தானாகப் புரியும். டிவியில் ஆரம்பித்து வானொலிக்கு வந்தவர்கள் மைக் முன்னால் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

விளக்குவதற்கு ஒரே ஒரு வசன ஜோடியை எடுத்துக்கொள்கிறேன். வழிகாட்டி முழுக்க இதுதான் வரும்.

ஓனர்: மூணு மாசமா வாடகை வரலை.
குடித்தனக்காரர்: எனக்கும்தான் சார் மூணு மாசமா தூக்கம் வரலை. உங்ககிட்ட வந்து கேட்டேனா?

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

பென்சில், அழிரப்பர். பேனா வேண்டாம். ஒத்திகையில் போடும் குறிகள் குறைந்தது இரண்டு தடவை மாறும்.

செல்போனில் ஸ்டாப்வாட்ச் போதும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பாட்டில். ஒலிப்பதிவு அறையின் ஏசி குளிரில் தொண்டை சீக்கிரம் இறுகும்.

உடை விஷயத்தில் புதியவர்கள் ஏமாறுவது வழக்கம். வானொலிதானே, எதை உடுத்தினால் என்ன என்று கஞ்சி போட்ட வேட்டியிலோ பட்டுப்புடவையிலோ வருவார்கள். இரண்டும் மைக்கில் சரசரக்கும். கண்ணாடி வளையல், கொலுசு, சட்டைப்பையில் சில்லறை எல்லாம் வெளியே வைக்க வேண்டியவை. பழகிய பருத்தித் துணிதான் நல்லது.

வெறும் வயிற்றோடும் வராதீர்கள். வயிறு போடும் சத்தம் நல்ல மைக்கில் பிரமாதமாகப் பதிவாகும். ஒரு சோகக் காட்சி முழுவதையும் என் வயிற்றுக்காகத் திரும்ப எடுத்தார்கள். இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

2. குரல் தேர்வு

வானொலியில் நடிக்க முதலில் குரல் தேர்வில் தேற வேண்டும். சென்னை என்றால் காமராஜர் சாலையில் இருக்கும் வானொலி நிலையம். தேர்வு அறிவிப்பை ஒலிபரப்பிலேயே சொல்வார்கள், நிலையத்திலும் விசாரிக்கலாம். தேறியவர்களைத் தரம் பிரித்து வைப்பார்கள். புதியவர் பெரும்பாலும் தொடக்கத் தரமான பி தரத்தில் நுழைவார்.

தேர்வுக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, தங்களுடைய மிகச் சிறந்த நகைச்சுவைத் துண்டை வசனம் மாறாமல் கொண்டுபோவது. மேடையில் சிரிப்பு வந்த ஒவ்வொரு இடத்திலும் அங்கேயும் தன்னை அறியாமல் நிறுத்துவார்கள். கேட்கிறவருக்கு அது மறதி மாதிரித் தெரியும்.

அதற்குப் பதில் ஒரே ஆள் மூன்று மனநிலையில் பேசும் சின்னத் துண்டு ஒன்றைத் தயார் செய்யுங்கள். கையில் புதிதாக ஒரு தாளைக் கொடுத்தும் படிக்கச் சொல்லலாம் என்பதால், தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படியுங்கள். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக விழ வேண்டும். ‘வாளைப் பழம்’ என்று சொல்கிறவர் எவ்வளவு நன்றாக நடித்தாலும் அங்கே எடுபடாது. நகைச்சுவைப் பாத்திரம் கொச்சையாகப் பேசலாம். பேசுகிற நடிகருக்குச் சுத்தமாகவும் பேச வரும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

3. ஸ்கிரிப்டில் பென்சில் வேலை

மேடைக்கு மனப்பாடம் செய்தோம். வானொலியில் தாளைப் பார்த்தே படிக்கலாம் என்பதால் பலர் வீட்டில் தாளைத் தொடுவதே இல்லை. பதிவு சறுக்குவது பெரும்பாலும் இதனால்தான். தாள் கையில் இருப்பதால் வேலை குறையவில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

முதல் வாசிப்பில் குறி எதுவும் போடாமல் முழு நாடகத்தையும் படியுங்கள். உங்கள் வசனத்தை மட்டும் படிப்பது கூடாது. இரண்டாவது வாசிப்பில் மூன்று வகைக் குறிகள் போதும்: மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சாய்கோடு, ஒரு வசனத்தில் தெளிவாகக் காதில் விழ வேண்டிய ஒரே ஒரு சொல்லுக்கு அடிக்கோடு, உங்களுக்கு முன்னால் பேசுகிறவரின் கடைசிச் சொல்லுக்கு ஒரு வட்டம். எதிராளி எதிரே இல்லாமல் பக்கத்தில் நிற்கலாம், முதுகு காட்டியும் நிற்கலாம். அந்த வட்டம்தான் உங்களைச் சரியான நொடியில் எழுப்பும்.

நம் வாடகை வசனத்தைப் பாருங்கள். எங்கே அடிக்கோடு? புதியவர்கள் ‘தூக்கம்’ என்பதைப் போட்டு அழுத்துவார்கள். அழுத்தினால் ஜோக் முன்கூட்டியே அவிழ்ந்துவிடும். ஆனால் அந்தச் சொல் காதில் விழாவிட்டால் ஜோக்கே இல்லை. ஆகவே அடிக்கோடு தூக்கத்துக்குத்தான். அதைக் கொஞ்சம் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி சொல்லுங்கள். ஏற்றிச் சொல்ல வேண்டாம். தெளிவு வேறு, அழுத்தம் வேறு.

அடுத்தது ‘மூணு மாசமா... வரலை’. ஓனர் எந்த ராகத்தில் அதைச் சொன்னாரோ அதே ராகத்தில் குடித்தனக்காரரும் சொல்ல வேண்டும். புகாருக்குப் பதில் புகார் என்பது அந்த எதிரொலியில்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஓனர் ஒவ்வொரு ஒத்திகையிலும் வேறு வேறு ராகத்தில் சொன்னால் உங்களால் பிடிக்க முடியாது. ஒத்திகையிலேயே அவரிடம், “அண்ணே, இந்த வரியை இப்படியே வெச்சுக்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

‘உங்ககிட்ட வந்து’ வேகமாக ஓட வேண்டும். ‘கேட்டேனா’ மேலே ஏறாமல் கீழே இறங்க வேண்டும். ஏற்றினால் சண்டைக்கு வந்தவன், இறக்கினால் நியாயம் கேட்கும் அப்பாவி. அப்பாவி சொன்னால்தான் சிரிப்பு.

கடைசியாக நேரம். அரை மணி நாடகம் என்றால் முன்னறிவிப்பு, பின்னறிவிப்பு, இசை எல்லாம் சேர்த்துத்தான் அரை மணி. வீட்டில் உரக்கப் படித்து, இடைநிறுத்தங்களோடு உங்கள் பகுதிக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். பதிவின்போது தயாரிப்பாளர் ஒரு நிமிடத்தைக் குறைக்கச் சொன்னால், எந்த வரி போனாலும் பரவாயில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அவர் வெட்டுவார். உங்கள் ஜோக்குக்கு அடிபோடும் வரியைத்தான் வெட்டுவார். சாதாரணமாகப் பார்த்தால் அதுதான் தேவையில்லாத வரியாகத் தெரியும்.

4. மைக் முன்னால் நிற்பது

முதலில் ஒலிப்பதிவாளரிடம், “சார், இந்த மைக் எந்தப் பக்கம் எடுக்கும்?” என்று கேளுங்கள். முன்பக்கம் மட்டும் எடுக்கும் மைக் உண்டு. முன்னும் பின்னும் எடுத்து, பக்கவாட்டில் செவிடாக இருக்கும் மைக்கும் உண்டு. இரண்டாவது வகை நகைச்சுவைக்கு வரப்பிரசாதம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பேசலாம்.

தூரம் ஒரு சாண். கட்டைவிரலை உதட்டிலும் சுண்டுவிரலை மைக்கிலும் வைத்து அளந்துகொண்டு, காலடியில் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாயை மைக்குக்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்வாக வையுங்கள். நம் ‘ப’ இயல்பாகக் காற்றை அதிகம் தள்ளாத எழுத்துத்தான். ஆவேசத்தில் “போடா!” என்று கத்தும்போது மட்டும் காற்று குப்பென்று வந்து மைக்கில் மோதும். உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்து அந்த வரியைச் சொல்லிப் பாருங்கள். கையில் காற்று பட்டால் மைக்கிலும் படும்.

மைக்குக்கு ரொம்ப நெருங்கினால் குரலில் கனம் ஏறும். வயதானவர் மாதிரி, ரகசியம் பேசுகிற மாதிரி கேட்கும். தேவைப்படும்போது அதைப் பயன்படுத்தலாம். தெரியாமல் நெருங்கிவிட்டால் இருபது வயது மாப்பிள்ளை திடீரென்று மாமனார் ஆகிவிடுவார்.

கத்தும் இடங்களில் ஓரடி பின்னால் போய், முகத்தைத் திருப்பிக் கத்துங்கள். திறந்த இடத்தில் தூரம் இரு மடங்கானால் ஒலி அளவு சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு சாணிலிருந்து இரண்டு சாணுக்குப் போனாலே பெரிய வித்தியாசம் என்று அர்த்தம். கத்துகிற உணர்ச்சி குறையாது, பதிவு மட்டும் உடையாமல் இருக்கும். தூரத்திலிருந்து பேசிக்கொண்டே வரும் பாத்திரமா? உண்மையிலேயே ஐந்தடி தள்ளி ஆரம்பித்து நடந்து வாருங்கள், வெறுங்காலோடு.

குரலின் அளவை மீட்டரில் பார்க்க ஒலிப்பதிவாளர் “ஒரு லெவல் கொடுங்க” என்று கேட்கும்போது எல்லோரும் பூனை மாதிரி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்பார்கள். அப்புறம் பதிவில் சிங்கம் மாதிரிக் கத்துவார்கள். லெவல் கேட்டால் நாடகத்தில் உங்களுடைய உச்சமான வரியைச் சொல்லிக் காட்டுங்கள். அதற்குத்தான் அவர் கேட்கிறார்.

இன்னொன்று. மத்திய அலையில் (மீடியம் வேவ்) கேட்கிறவர்கள் இன்றும் உண்டு, சென்னையில் 720 கிலோஹெர்ட்ஸில். அந்த அலைவரிசையில் உயர்ந்த ஒலிகள் மழுங்கிப் போகும். ச, ஸ, ஷ எல்லாம் ஒன்றாகக் கலந்து கேட்கும். அதனால் ஜோக்கின் முக்கியச் சொல் சகரத்தில் ஆரம்பித்தால் அதற்கு முன்னால் ஒரு நூலிழை இடைவெளி விடுங்கள்.

5. தாள்

ஸ்டேப்ளரை எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சான தனித்தனித் தாள்கள்தான் வசதி. புரட்டக் கூடாது, தூக்கி நகர்த்த வேண்டும். நகர்த்துவதும் மற்றவர் பேசும்போது, மைக்குக்குக் கீழே.

உங்கள் வசனம் பாதியில் அடுத்த பக்கத்துக்குப் போகிறதா? மீதியைப் பென்சிலால் முதல் பக்கத்தின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கம் மாறும் அந்த அரை நொடியில்தான் ஜோக்குகள் செத்துப்போகின்றன.

தாளை வயிற்றருகே பிடித்தால் தலை குனியும், குரல் சட்டைக்குள் போகும். முக உயரத்தில், மைக்குக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். சத்தம் வராது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது காகிதத்தைவிட மோசம்.

6. முகம் இல்லாத இடத்தில் ரியாக்‌ஷன்

இந்தப் படியில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும்.

மேடையில் குடித்தனக்காரர் “கேட்டேனா?” என்றதும் ஓனர் வாயைத் திறந்தபடி நிற்பார். அரங்கம் சிரிக்கும். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரி. வானொலியில் ஓனரின் வாய் தெரியாது. அப்போது என்ன செய்வது?

ஒருமுறை இதே மாதிரி இடத்தில், ஓனராக நடித்த பெரியவர் ஒத்திகையில், “என்னய்யா சொல்றே நீ!” என்று ஒரு வரியைத் தானே சேர்த்தார். இயல்பான வரிதான். ஆனால் கேட்கிறவர் சிரிக்க வேண்டிய இடத்தில் அவர் பேசிவிட்டதால் சிரிக்க நேரமே இல்லை. அதை எடுத்துவிட்டு வெறும் மௌனம் வைத்தோம். அது வெறும் ஓட்டையாகக் கேட்டது. வசனம் மறந்துவிட்டதோ என்று தோன்றியது.

கடைசியில் செய்தது இதுதான். காட்சியின் தொடக்கத்திலேயே பழைய சீலிங் ஃபேன் ஒன்று கிறீச், கிறீச் என்று ஓடும் சத்தத்தை மெல்ல வைத்தோம். ஓனர் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கும் சத்தமும் ஆரம்பத்தில் ஒருமுறை வந்தது. பிறகு “கேட்டேனா?” வந்ததும் யாரும் பேசவில்லை. ஃபேன் மட்டும் இரண்டு தடவை கிறீச்சிட்டது. அப்புறம் வெற்றிலைப் பெட்டி ‘டக்’ என்று மூடியது. ஓனரின் முகம் முழுக்க அந்த ‘டக்’கில் இருந்தது.

இதில் வரிசைதான் முக்கியம். ஃபேனும் பெட்டியும் முன்பே காதுக்கு அறிமுகம் ஆகியிருக்க வேண்டும். மௌனத்தில் புதிதாக ஒரு சத்தம் வந்தால் கேட்கிறவர், “இது என்ன?” என்று யோசிப்பார். யோசிக்கிறவர் சிரிக்க மாட்டார். அளவும் முக்கியம்: இரண்டு நொடி சரி, மூன்று நொடிக்கு மேல் போனால் நிலையம் நின்றுவிட்டதோ என்று கை வானொலிப் பெட்டியை நோக்கிப் போகும்.

செயல்களை வசனத்தில் விவரிக்காதீர்கள். “இதோ, கதவைத் திறக்கிறேன்” என்று உலகத்தில் யாரும் பேசுவதில்லை. “இந்தத் தாழ்ப்பாளை யார் இப்படி இறுக்கினது?” என்றால் கதவும் தெரிகிறது, ஆளின் சிடுசிடுப்பும் தெரிகிறது. எழுத்தாளர் முதல் மாதிரி எழுதியிருந்தால் தயாரிப்பாளர் மூலம் மரியாதையாகச் சொல்லுங்கள். நேரடியாக எழுத்தாளரிடம் போக வேண்டாம். நான் போய் அனுபவப்பட்டவன்.

உடம்பை மட்டும் பூட்டி வைக்காதீர்கள். மாடிப்படி ஏறி வந்த ஆள் என்றால் நின்ற இடத்திலேயே பத்து தடவை குதித்துவிட்டுப் பேசுங்கள். சிரித்துக்கொண்டே பேசும் வரியை உண்மையிலேயே உதட்டை விரித்துப் பேசுங்கள். விரிந்த உதட்டின் ஒலி வேறு. அது காதுக்குத் தெரியும்.

7. குரல்களைப் பிரித்துக் காட்டுவது

ஒரே காட்சியில் நான்கு ஆண்கள் இருந்தால் கேட்கிறவருக்குக் குழப்பம். புதியவர் இதற்குக் கண்டுபிடிக்கும் வழி, கீச்சுக்குரல். ஐந்து நிமிடத்தில் தொண்டை கட்டும், பத்தாவது நிமிடத்தில் அந்தக் குரலை மறந்து சொந்தக் குரலுக்கு வந்துவிடுவார்.

நிலைக்கும் வழி பேச்சுவழக்கும் வேகமும்தான். இலங்கை வானொலியில் வந்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ இதற்கு நல்ல பாடம். மரிக்காராக எஸ். ராம்தாஸ் முஸ்லிம் பேச்சுவழக்கிலும், அப்புக்குட்டியாக டி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழிலும், உபாலியாக எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழிலும், ஐயராக பி.எச். அப்துல் ஹமீத் பிராமணப் பேச்சிலும் வருவார்கள். வாயைத் திறந்த முதல் சொல்லிலேயே ஆள் தெரிந்துவிடும். யாரும் குரலை முறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் குழுவில் இதைச் செய்ய, முதல் வாசிப்பின்போது ஒருவரைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லுங்கள். யார் பேசுகிறார்கள் என்று அவர் தடுமாறும் இடத்தைக் குறித்து, அந்த இருவரில் ஒருவரின் வேகத்தை மாற்றுங்கள். வேகம் போதாவிட்டால்தான் வழக்கை மாற்ற வேண்டும். உங்களுக்கு உண்மையில் பழக்கமான வழக்கையே எடுங்கள். நெல்லைத் தமிழைச் சினிமாவில் மட்டும் கேட்டவர் பேசினால் திருநெல்வேலிக்காரர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் அவருக்கு ஜோக் காதில் விழாது.

8. டிவி செட்டுக்குப் போகும் முன்

இனி கேமரா. உடையிலிருந்து ஆரம்பிப்போம். பொடிக்கட்டமும் நெருக்கமான கோடுகளும் திரையில் நெளியும். பளீர் வெள்ளை, வெளிச்சத்தில் முகத்தை இருட்டாக்கும். இரண்டு சட்டை கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

வேட்டி கட்டும் பாத்திரம் என்றால் இடுப்பில் ஒரு பெல்ட் அவசியம். சட்டையில் குத்தும் சின்ன மைக்கின் டிரான்ஸ்மிட்டர் பெட்டியை அங்கேதான் மாட்டுவார்கள். வெறும் வேட்டியில் மாட்டினால் அதன் கனத்தில் வேட்டி இறங்கத் தொடங்கும். ஸ்கிரிப்டில் இல்லாத நகைச்சுவை அது. சங்கிலி, துப்பட்டா, பூணூல் எதுவும் அந்த மைக்கில் உரசாமல் ஒலிக்காரரிடம் காட்டிவிடுங்கள்.

காட்சித் தாளை முந்தைய இரவே கேட்டு வாங்கப் பாருங்கள். பெரும்பாலும் காலையில்தான் கிடைக்கும். சில நாள் ஒப்பனை போடும்போது கிடைக்கும். கிடைத்ததும் கதையை யோசிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: இந்தக் காட்சிக்கு முன்னால் நான் எங்கே இருந்தேன்? காட்சிகளை வரிசையாக எடுப்பதில்லை. ஒரே வீட்டில் நடப்பதையெல்லாம் ஒன்றாக எடுப்பார்கள். காலையில் மூன்றாவது காட்சி, அடுத்து பதினேழாவது. சண்டை போட்டுவிட்டு வந்த ஆளா, தூங்கி எழுந்த ஆளா என்று தாளின் மேல் ஓரத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

9. மாஸ்டரில் செய்ததை மறக்காமல் இருப்பது

முதலில் எல்லோரும் தெரியும் மாஸ்டர் ஷாட். பிறகு ஒருவர் தோள் வழியாக மற்றவரைக் காட்டும் சஜஷன். பிறகு க்ளோஸப். ஒரே வசனத்தை நான்கைந்து தடவை பேச வேண்டும். எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தீர்கள், எந்தக் கையில் எடுத்தீர்கள் என்பது ஒவ்வொரு தடவையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எடிட்டர் உங்கள் நல்ல டேக்கைத் தூக்கிப் போட்டுவிடுவார். அவருக்கு வேறு வழியில்லை.

ஆகவே மாஸ்டரில் கை வேலையைக் குறையுங்கள். புதியவர் மாஸ்டரில் காபி குடித்து, துண்டை உதறி, மூக்கைச் சொறிந்து, பேப்பரை மடித்துப் பிரமாதப்படுத்துவார். க்ளோஸப்புக்குள் அத்தனையையும் மறந்திருப்பார். ஒரு வசனத்துக்கு ஒரு செயல் போதும்.

தரையில் ஒட்டியிருக்கும் டேப்தான் உங்கள் இடம். ஒத்திகையில் டேப்பிலிருந்து பின்னோக்கி நடந்து எத்தனை அடி என்று எண்ணுங்கள். டேக்கில் குனிந்து பார்க்காமல் வந்து நிற்கலாம். தாண்டி நின்றால் வெளிச்சமும் ஃபோகஸும் போகும்.

பல கேமரா வைத்து ஸ்டுடியோவில் எடுக்கும் நிகழ்ச்சிகளில் இந்தத் தொல்லை குறைவு. சென்னை சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் தூர்தர்ஷன் நிலையம் மாதிரியான இடங்களில் ஹெட்ஃபோன் போட்ட ஃப்ளோர் மேனேஜர் கையசைத்துச் சொல்வார். அங்கே விதி ஒன்றுதான்: சிவப்பு விளக்கு எந்தக் கேமராவில் எரிகிறது என்று தேடாதீர்கள். தேடும் கண் திரையில் அப்படியே தெரியும்.

10. பிராம்ப்டிங்

நேரம் இல்லாத சீரியல் செட்டுகளில் உதவி இயக்குநர் வசனத்தைச் சொல்லச் சொல்ல நடிகர் பேசுவார். அழுகைக் காட்சிகூட இதில் தப்பிக்கும். நகைச்சுவை தப்பிக்காது. காரணம், நீங்கள் விட வேண்டிய இடைவெளியில் அவர் குரல் உட்கார்ந்துகொள்ளும். “எனக்கும்தான் சார்...” என்று அவர் சொல்லி, நீங்கள் சொல்லி, “மூணு மாசமா...” என்று அவர் சொல்லி... ஜோக் தவணை முறையில் வரும்.

காட்சித் தாள் கிடைத்தவுடன் ஜோக் இருக்கும் இரண்டு மூன்று வரிகளை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள். மீதிக்கு பிராம்ப்ட் வாங்கலாம். அந்த வரிகள் வரும்போது, “தம்பி, முதல் சொல்லை மட்டும் அடியெடுத்துக் கொடுப்பா, மீதியை நான் பார்த்துக்கறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டேக் நடுவில் சொன்னால் எரிச்சல்தான் மிஞ்சும்.

11. க்ளோஸப்பில் வேகம்

மாஸ்டரில் எதிராளி முடிக்கும் முன்பே நீங்கள் வெட்டிப் பேசலாம். வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம். க்ளோஸப்பில் அதையே செய்தால் கேமராவுக்கு வெளியே நிற்பவரின் குரல் உங்கள் குரல்மேல் ஏறிப் பதிவாகும். எடிட்டரால் பிரிக்க முடியாது. எனவே க்ளோஸப்பில் அவர் முடித்ததும் ஒரு மயிரிழை விட்டுப் பேசுங்கள். செட்டில் அது மந்தமாகத் தோன்றும். பரவாயில்லை, எடிட்டர் இழுத்துக் கட்டிவிடுவார்.

அப்புறம் முகம். மேடையில் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும் என்று தூக்கிய புருவம், க்ளோஸப்பில் கூரையைத் தொடும். நம் காட்சியில் சிரிப்பு குடித்தனக்காரரின் முகத்தில் இல்லை. அவர் பாட்டுக்கு நியாயம் பேசுகிறார். சிரிப்பு ஓனரின் க்ளோஸப்பில் இருக்கிறது. ஓனராக நடிக்கிறவர் வாயைப் பிளக்க வேண்டாம். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, ஒன்றும் கிடைக்காமல் மூடினால் போதும். வானொலியில் வெற்றிலைப் பெட்டி செய்த வேலை இது.

ஓனரின் க்ளோஸப்பை எடுக்கும்போது குடித்தனக்காரர் நாற்காலியில் போய் உட்கார்ந்து செல்போன் பார்க்கக் கூடாது. கேமராவுக்கு அருகில் நின்று அதே வரியை அதே மாதிரி சொல்ல வேண்டும். உங்கள் ஜோக்குக்கு அங்கேதான் சிரிப்பு விழப்போகிறது.

12. செட்டில் வரும் சிரிப்பை நம்பாதீர்கள்

முதல் ஒத்திகையில் லைட்மேன் சிரிப்பார், ஒப்பனைக்காரர் சிரிப்பார். மூன்றாவது தடவை யாரும் சிரிக்க மாட்டார்கள். கேட்டுவிட்டார்களே! புதியவர் பதறிப்போய் நான்காவது தடவை ஒரு முக்கலையும் ஒரு முனகலையும் சேர்ப்பார். திரையில் பார்க்கிறவருக்கு அதுதான் முதல் தடவை என்பதை மறந்துவிடுவார். எல்லோரும் சிரித்த ஒத்திகையில் என்ன செய்தீர்களோ அதையே கடைசி டேக் வரை செய்யுங்கள்.

நிகழ்ச்சியில் பின்னால் சிரிப்பொலி சேர்ப்பார்களா என்று இயக்குநரிடம் முன்பே கேளுங்கள். சேர்ப்பதாக இருந்தால் ஜோக்குக்குப் பின் ஒரு சின்ன இடம் விட வேண்டும். அந்த இடத்தில் சிலையாக நிற்காமல் பாத்திரத்துக்குப் பொருத்தமான ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்: மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது, வாடகை நோட்டைப் புரட்டுவது. சிரிப்பொலி சேர்க்கவில்லை என்றால் அந்த இடம் பல்லில்லாத வாய் மாதிரித் தெரியும்.

13. டப்பிங்

பிறகு குரல் சேர்க்கிற நிகழ்ச்சி என்றால், உங்கள் குரலை நீங்களே கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். நகைச்சுவையில் பாதி குரல்தான். திரையில் உதடு எப்போது திறக்கிறது என்று பார்த்துக்கொண்டே பேசினால் எப்போதும் அரை நொடி பின்தங்குவீர்கள். ஒருமுறை பேசாமல் பாருங்கள், உதட்டின் தாளத்தை விரலால் தட்டுங்கள், அப்புறம் பேசுங்கள். ஒரு சாண், சாய்வு, தாள் எல்லாம் வானொலியில் கற்றதுதான்.

14. பணமும் காகிதமும்

வானொலியில் பதிவு நாளன்றே ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பான் எண், வங்கிக் கணக்கு விவரம் கையோடு இருக்கட்டும். தனியார் தயாரிப்பு என்றால் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி வரை, டப்பிங் அதில் சேர்ந்ததா, எப்போது கைக்கு வரும் என்ற நான்கையும் வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். நான் வாய்ப்பேச்சை நம்பிப் பதினோரு நாள் நடித்துவிட்டு, பாதிப் பணத்துக்கு ஒன்றரை வருடம் நடந்தேன். நம் வாடகை ஓனரைப் போலத்தான் போய்க் கேட்டேன். பதிலும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் வந்தது.

15. ஒலிபரப்பாகும் நாளில்

தனியாக ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள். வீட்டுக் கூடத்தில், குக்கர் விசில் அடிக்க, நாலு பேரோடு உட்கார்ந்து கேளுங்கள். மடியில் பழைய ஸ்கிரிப்டும் பென்சிலும் இருக்கட்டும். நாடகத்தைப் பார்க்காமல் ஆட்களைப் பாருங்கள். யார் எந்தச் சொல்லில் சிரித்தார்கள், எங்கே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். அடுத்த பதிவுக்கு அதுதான் பாடப்புத்தகம்.

வாடகை நாடகம் ஒலித்த அன்று பக்கத்து வீட்டு மாமியும் எங்களோடு கேட்டார். நான் இரண்டு வாரம் உருப்போட்ட “கேட்டேனா?”வுக்கு அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஃபேன் ஒரு தடவை கிறீச்சிட்டது. இரண்டாம் தடவை கிறீச்சிட்டது. வெற்றிலைப் பெட்டி ‘டக்’ என்றது. மாமி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.